ஹோம் ரன்னை நம்பிக் கெட்டார்களா?

அமெரிக்க நாட்டில் அக்டோபர் மாதம் வந்துவிட்டால் பேஸ்பால் ரசிகர்களிடையே ஒரு வழக்கு தொடங்கிவிடும். ஆறு மாத காலம் பந்துகளை வேலிக்கு வெளியே அடித்துத் தள்ளிப் பெயர் வாங்கிய அணி ஒன்று, இறுதிச் சுற்றுகளில் ஓட்டம் எடுக்க வழியின்றித் தோற்றுப்போகும். உடனே, “பார்த்தீர்களா! இவர்களுக்கு ஹோம் ரன்னை விட்டால் வேறு எதுவும் தெரியாது” என்று எல்லாரும் பழி சொல்லத் தொடங்குவார்கள். இந்தப் பழி நியாயமானதுதானா என்பதையே நாம் இங்கு ஆராயப் போகிறோம்.

பேஸ்பாலைப் பார்த்திராத தோழியருக்காக ஆட்டத்தை முதலில் சுருக்கமாகச் சொல்லிவிடுவோம். (பள்ளியில் நாம் ஆடும் சாஃப்ட்பால் இதன் தங்கைதான். ஆகவே சாஃப்ட்பால் அணியினர் இந்தப் பத்தியைத் தாண்டிச் செல்லலாம்.) சதுரமான ஆடுகளத்தின் நான்கு மூலைகளிலும் 90 அடிக்கு ஒன்றாகத் தளங்கள் உள்ளன. அடிப்பவர் நிற்கும் தளத்துக்கு ‘ஹோம்’ என்று பெயர். 60 அடி 6 அங்குலத் தொலைவிலிருந்து பிட்சர் பந்தை எறிவார். அடித்தவர் முதல் தளம், இரண்டாம் தளம், மூன்றாம் தளம் எனச் சுற்றி மீண்டும் ஹோமுக்கு வந்து சேர்ந்தால் ஓர் ஓட்டம். மூன்று பேர் அவுட் ஆனால் அணியின் முறை முடிந்துவிடும். தளத்தில் நிற்பவர்கள் நின்றபடியே போக வேண்டியதுதான். இப்படி ஒன்பது முறைகள். மூன்று நல்ல பந்துகளைத் தவறவிட்டால் ‘ஸ்ட்ரைக் அவுட்’. பிட்சர் நான்கு பந்துகளைக் கோணலாக எறிந்துவிட்டால் அடிப்பவர் சும்மாவே முதல் தளத்துக்கு நடந்து போகலாம். அதற்கு ‘வாக்’ என்று பெயர்.

பந்தை எல்லை வேலிக்கு அப்பால் அடித்துவிட்டால் அது ஹோம் ரன். கிரிக்கெட்டின் சிக்ஸர் போன்றதுதானே என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. சிக்ஸருக்கு எப்போதும் ஆறுதான். ஹோம் ரன்னிலோ, அடித்தவரோடு அந்த நேரத்தில் தளங்களில் நிற்பவர் அனைவரும் வீடு வந்து சேர்வார்கள். தளங்கள் காலியாக இருந்தால் ஓர் ஓட்டம், நிரம்பியிருந்தால் நான்கு. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

தொடக்கத்தில் ஹோம் ரன் என்பது அத்தி பூத்தாற்போல் வரும் ஒன்றாகத்தான் இருந்தது. 1906-ஆம் ஆண்டு சிகாகோ ஒயிட் சாக்ஸ் அணி பருவம் முழுவதும் அடித்தவை 7 ஹோம் ரன்களே! ‘அடிக்கத் தெரியாத அதிசயக்காரர்கள்’ என்ற பொருள்படும் செல்லப் பெயர் அவர்களுக்கு இருந்தது. அப்படிப்பட்டவர்கள், அந்தப் பருவத்தில் 116 ஆட்டங்களை வென்றிருந்த சிகாகோ கப்ஸ் அணியையே உலகத் தொடரில் வீழ்த்தினார்கள். அக்காலத்தில் ஒரே பந்தை அழுக்கேறி நைந்துபோகும் வரை பயன்படுத்தினார்கள். அதன்மேல் எச்சில் தடவி எறிவதற்கும் தடையில்லை. அத்தகைய பந்து எப்படித் தொலைவு போகும்?

1920-ஆம் ஆண்டு நிலைமை மாறியது. ரே சாப்மன் என்ற ஆட்டக்காரர் தலையில் பந்து தாக்கி இறந்துபோனார். கண்ணுக்குத் தெரியாத அழுக்குப் பந்தே காரணம் எனக் கருதப்பட்டு, அதன் பிறகு புதிய வெள்ளைப் பந்துகளை அடிக்கடி மாற்றத் தொடங்கினார்கள். எச்சில் பந்துக்குத் தடை வந்ததும் அதே ஆண்டில்தான். பேப் ரூத் என்னும் மாவீரர் நியூயார்க் யாங்கீஸ் அணிக்கு வந்ததும் அதே ஆண்டில்தான். 1919-இல் 29 ஹோம் ரன் அடித்திருந்த அவர் 1920-இல் 54 அடித்தார். அவருடைய லீகிலிருந்த மற்ற ஏழு அணிகளுள் ஒன்றுகூட, அணி முழுவதும் சேர்ந்தும், அவ்வாண்டு 54-ஐ எட்டவில்லை என்றால் வியப்பாக இல்லையா? 1927-இல் அவர் 60 அடித்தார். பால்டிமோர் நகரில் சவேரியன் சகோதரர்கள் நடத்திய புனித மரியன்னை தொழிற்பள்ளியில் வளர்ந்தவர் அவர். அங்கே அவருக்கு ஆட்டம் கற்றுத் தந்தவர் சகோதரர் மத்தியாஸ் என்னும் துறவி. நம்மைப் போன்ற பள்ளிப் பிள்ளைகளுக்கு இது மகிழ்ச்சி தரும் செய்தியல்லவா?

அன்று தொடங்கிய பெருக்கம் ஏறி இறங்கி, 2019-ஆம் ஆண்டில் உச்சத்துக்குப் போனது. முப்பது அணிகளும் சேர்ந்து அந்தப் பருவத்தில் 6,776 ஹோம் ரன்களை அடித்தன.

இனி நம் வினாவுக்கு வருவோம். பத்தாம் வகுப்புக் கணக்கில் நிகழ்தகவு படிக்கிறோம் அல்லவா? அதை இங்கே பயன்படுத்திப் பார்க்கலாம். 2023-ஆம் ஆண்டுக் கணக்குப்படி, அடிக்க வரும் ஒருவர் எப்படியாவது தளத்தை அடையும் வாய்ப்பு 100-க்கு 32. அவர் ஹோம் ரன் அடிக்கும் வாய்ப்பு 100-க்கு 3-க்குச் சற்று மேல். மூன்று பேர் தொடர்ச்சியாகத் தளத்தை அடைய வேண்டுமானால் 0.32-ஐ மூன்று முறை பெருக்க வேண்டும். விடை ஏறத்தாழ 0.033. அதாவது இதுவும் 100-க்கு 3-க்குச் சற்று மேல்தான்!

மூன்று பேர் வரிசையாக வெற்றி பெறுவதும், ஒரே ஒருவர் ஹோம் ரன் அடிப்பதும் ஏறக்குறைய ஒரே அளவு அரிது என்பதே இதன் பொருள். அந்த மூன்று பேரும் ‘வாக்’ மூலம் போனார்கள் என்றால் தளங்கள் நிரம்புமே தவிர ஓர் ஓட்டம்கூட வராது. ஹோம் ரன் அடித்தவரோ ஓர் ஓட்டத்தைக் கையோடு கொண்டுவந்துவிட்டார். நடுவில் ஒருவர் இருவர் அவுட் ஆனாலும் ஆட்டம் தொடரும் என்பதால் உண்மைக் கணக்கு இதைவிடச் சிக்கலானது. ஆயினும், அணிகள் ஏன் ஹோம் ரன்னை நாடுகின்றன என்பதை விளக்க இதுவே போதும்.

இன்னும் ஒரு படி மேலே போவோம். இறுதிச் சுற்றுகளில் மிகத் திறமையான பிட்சர்களே எறிவார்கள். அவர்களுக்கு எதிரே தளத்தை அடையும் வாய்ப்பு 32-லிருந்து 26-ஆகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். 0.26-ஐ மூன்று முறை பெருக்கினால் 0.0176. முன்பு 1,000-க்கு 33-ஆக இருந்தது இப்போது 18-க்குக் கீழே, கிட்டத்தட்டப் பாதியாக, இறங்கிவிட்டது. ஹோம் ரன் வாய்ப்பும் அதே விகிதத்தில் குறைந்தால் 1,000-க்கு 32 என்பது 26 ஆகும். ஐந்தில் ஒரு பங்குதான் போயிற்று. பிட்சர் வல்லவராக இருக்கும்போது, சிறுகச் சிறுகச் சேர்க்கும் முறைதான் அதிகமாக அடிவாங்குகிறது. “பெரிய ஆட்டத்தில் ஹோம் ரன் உதவாது” என்று சொல்பவர்கள் இந்தப் பெருக்கலைப் போட்டுப் பார்த்தார்களா என்று கேட்கத் தோன்றுகிறது.

அப்படியானால் பழி சொல்பவர்களிடம் சான்றே இல்லையா? இருக்கிறது. 2019-இல் மின்னசோட்டா ட்வின்ஸ் அணி 307 ஹோம் ரன்கள் அடித்து ஒரு பருவத்துக்கான சாதனை படைத்தது. ஆனால் அடுத்த சுற்றில் யாங்கீஸிடம் மூன்று ஆட்டங்களிலும் தோற்று வெளியேறியது. 2023-இல் அட்லான்டா பிரேவ்ஸ் அணியும் அதே 307-ஐத் தொட்டு, 947 ஓட்டங்களைக் குவித்தது. பிலடெல்பியாவுக்கு எதிரான நான்கு ஆட்டங்களிலோ அவர்கள் எடுத்தவை 0, 5, 2, 1. கூட்டிப் பாருங்கள், எட்டே ஓட்டங்கள்! ட்வின்ஸைத் தோற்கடித்த யாங்கீஸ் 2019-இல் 306 ஹோம் ரன் அடித்த அணி என்பதைப் பழி சொல்பவர்கள் வசதியாக மறந்துவிடுகிறார்கள். மூன்று நான்கு ஆட்டங்களை வைத்து 162 ஆட்டங்களின் உழைப்பை எடைபோடுவது, ஒரு மாதத் தேர்வை வைத்து ஆண்டு முழுவதும் படித்தவளை மதிப்பிடுவது போன்றது.

அவர்களிடம் இதைவிட நல்ல சான்று 1982-ஆம் ஆண்டு உலகத் தொடர். ஒருபுறம் 216 ஹோம் ரன் அடித்த மில்வாக்கி புரூவர்ஸ். மறுபுறம் வெறும் 67 அடித்த செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ். அவ்வாண்டு எல்லா அணிகளிலும் குறைவாக அடித்தது இவர்கள்தான். ஆனால் ஏழு ஆட்டத் தொடரை 4-க்கு 3 என வென்றதும் இவர்களே! பயிற்சியாளர் வைட்டி ஹெர்சாக் தம் அணியை மைதானத்துக்கு ஏற்பத் தைத்த சட்டை போல அமைத்திருந்தார். அங்கே வேலி வெகு தொலைவு. தரையில் போட்டிருந்ததோ செயற்கைப் புல். ஆகவே உயரே அடிப்பவரைவிட, பந்தைத் தரையோடு அடித்துவிட்டுப் பறப்பவரே அவருக்குத் தேவைப்பட்டார். எதிரி அசந்த நேரத்தில் அடுத்த தளத்துக்கு ஓடிவிடுவதைத் ‘தளம் திருடுதல்’ என்பார்கள். அந்தப் பருவத்தில் அவர்கள் 200 தளங்களைத் திருடினார்கள். (இந்த ஒரு திருட்டுக்கு மட்டும் பாவமன்னிப்பு தேவையில்லை.) 2015-இல் வென்ற கான்சாஸ் சிட்டி ராயல்ஸ் அணியும் ஏறக்குறைய இவ்வழியினரே. அவர்கள் அடித்தவை 139 மட்டுமே. ஆனால் எல்லா அணிகளையும்விடக் குறைவாக ஸ்ட்ரைக் அவுட் ஆனவர்கள் அவர்கள்.

நம் கருத்தில் விஷயத்தின் உயிர் இந்த ஸ்ட்ரைக் அவுட்டில்தான் இருக்கிறது. பந்தை மேல் நோக்கித் தூக்கி அடிக்க வேண்டுமென்று முழு வேகத்தில் மட்டையை வீசுபவர், பல முறை காற்றைத்தான் அடிக்கிறார். அதோடு பிட்சர்களின் வேகமும் ஏறிவிட்டது. இன்று அவர்களுடைய வேகப் பந்து சராசரியாக மணிக்கு 150 கிலோமீட்டருக்குக் குறையாமல் வருகிறது. 2018-ஆம் ஆண்டு முதன்முறையாக ஸ்ட்ரைக் அவுட்கள் வெற்றி அடிகளைவிட அதிகமாயின. அவை 41,207, இவை 41,018. 2022-இல் அடிப்பவர்களின் சராசரி .243-க்கு இறங்கியது. 1968-க்குப் பிறகு அது அவ்வளவு தாழ்ந்ததில்லை.

ஆக, ஹோம் ரன்னை நாடியதால் அணிகள் முட்டாள்களாகிவிடவில்லை. கணக்கு அவர்கள் பக்கமே இருக்கிறது. இழந்தவர்கள் பார்வையாளர்களே. ஹோம் ரன், ஸ்ட்ரைக் அவுட், வாக் ஆகிய மூன்றிலும் களத்தில் நிற்கும் மற்ற ஏழு பேருக்கு வேலையே இல்லை. பாய்ந்து பிடிப்பதும், சுழன்று எறிவதும், புழுதி பறக்கச் சறுக்கித் தளத்தைத் தொடுவதும் அருகிவிட்டால் ஆட்டத்தில் அழகு ஏது? உடல் வலிமை குறைந்தாலும் கால் வேகமும் கூர்மையும் உடைய சிறிய உருவத்தினருக்கு அங்கே இடம் ஏது? 2004-இல் ஜப்பானியர் இச்சிரோ சுசூக்கி ஒரே பருவத்தில் 262 வெற்றி அடிகள் அடித்து உலகை வியக்க வைத்தார். அவற்றில் ஹோம் ரன்கள் 8 மட்டுமே. அவரைப் போன்ற ஒருவர் மீண்டும் வருவதற்குக் கதவு திறந்திருக்க வேண்டுமென்று நாம் விரும்புகிறோம்.

அணிகள் தாமாக மாறாது என்று உணர்ந்த நிர்வாகிகள் 2023-இல் விதிகளையே மாற்றினார்கள். தளங்களின் அகலம் 15 அங்குலத்திலிருந்து 18 ஆயிற்று. பிட்சர் குறிப்பிட்ட வினாடிகளுக்குள் எறிந்தாக வேண்டும். உள்வட்டத் தடுப்பாளர்கள் ஒரே பக்கமாகக் குவிந்து நிற்கக் கூடாது. பலன் உடனே தெரிந்தது. முந்தைய ஆண்டு 2,486-ஆக இருந்த தளத் திருட்டுகள் 3,503-ஆயின. வேடிக்கை என்னவென்றால், ஹோம் ரன்களும் குறையவில்லை. 5,215-லிருந்து 5,868-ஆகக் கூடின! அடுத்த ஆண்டு லாஸ் ஏஞ்சலிஸ் டாட்ஜர்ஸ் அணியின் ஷோஹேய் ஓட்டானி தனி ஒருவராக 54 ஹோம் ரன்களும் அடித்தார், 59 தளங்களும் திருடினார்.

அந்த 2024-ஆம் ஆண்டு உலகத் தொடரைச் சொல்லாமல் விட மனமில்லை. டாட்ஜர்ஸும் யாங்கீஸும் மோதிய முதல் ஆட்டம். பத்தாவது இன்னிங்ஸ், இரண்டு பேர் அவுட், டாட்ஜர்ஸ் ஓர் ஓட்டம் பின்தங்கியிருந்தது. அப்போது பிரெடி பிரீமன் அடித்த பந்து வேலியைத் தாண்டியது. தளங்கள் நிரம்பியிருந்ததால் நான்கு ஓட்டங்கள்! அதற்கு முன்பே ஒருவர் வாக் பெற்றும், ஒருவர் சிறிய அடி அடித்தும் தளத்துக்குப் போயிருந்தார்கள். இன்னொருவரை எதிரணியே வேண்டுமென்று முதல் தளத்துக்கு அனுப்பியிருந்தது. அவர்கள் இல்லையென்றால் அந்த ஹோம் ரன்னுக்கு ஓர் ஓட்டமே.

ஐந்தாவது ஆட்டம் அக்டோபர் 30 அன்று நியூயார்க்கில் நடந்தது. யாங்கீஸ் மூன்று ஹோம் ரன்களின் பலத்தால் 5-0 என முன்னேறியது. ஐந்தாவது இன்னிங்ஸில் அவர்கள் ஒரு பந்தைக் கைநழுவ விட்டார்கள். ஒன்றைத் தவறாக எறிந்தார்கள். முதல் தளத்தைக் காக்க வேண்டிய பிட்சர் ஓடி வராமல் நின்றுவிட்டார். அந்த இடைவெளியில் டாட்ஜர்ஸ் ஒரு ஹோம் ரன்கூட இல்லாமல் ஐந்து ஓட்டங்களையும் எடுத்துச் சமன் செய்தது. மீண்டும் ஓர் ஓட்டம் பின்தங்கியபோது, எட்டாவது இன்னிங்ஸில் இருவர் பந்தை உயரே அடித்துத் தாங்கள் அவுட் ஆகி, மூன்றாம் தளத்தில் நின்ற தோழர்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். 7-6 என்ற கணக்கில் ஆட்டமும் கோப்பையும் டாட்ஜர்ஸுக்கே கிடைத்தன. அன்று அவர்கள் அடித்த ஹோம் ரன்களின் எண்ணிக்கை பூஜ்யம்.