இலவச எமுலேட்டர் ஆப்கள் ஸ்டோரிலிருந்து காணாமல் போவது ஏன்? உங்கள் ஃபோனில் இருக்கும் கேம் என்ன ஆகும்?

புது ஃபோன் வாங்குகிறீர்கள். பழைய ஃபோனில் இருந்ததையெல்லாம் அதற்கு மாற்றுகிறீர்கள். வாட்ஸ்அப் வந்துவிட்டது, ஃபோட்டோக்கள் வந்துவிட்டன, வங்கி ஆப் மறுபடியும் பாஸ்வேர்டு கேட்கிறது. ஒன்று மட்டும் வரவில்லை. இரண்டு வருடமாக பஸ்ஸிலும் ரயிலிலும் நீங்கள் போகிமான் ஆடிக்கொண்டிருந்த அந்த இலவச எமுலேட்டர் ஆப். ஸ்டோரில் பெயரைத் தட்டித் தேடினால் அதே மாதிரி ஐகானோடு வேறு ஏதேதோ வருகின்றன. நீங்கள் தேடுவது மட்டும் இல்லை.

"என் ஃபோன்லதான் ஏதோ பிரச்னையா?" என்று கேட்காதீர்கள். ஃபோனில் ஒரு பிரச்னையும் இல்லை. அந்த ஆப் ஸ்டோரை விட்டே போயிருக்கலாம். யார் எடுத்தார்கள், ஏன் எடுத்தார்கள் என்பதற்கு ஒரே பதில் கிடையாது. அதனால்தான் இந்த விஷயத்தில் இவ்வளவு குழப்பம்.

முதலில் அடிப்படையைப் பார்த்துவிடலாம். 90களில் டிவியோடு இணைத்து ஆடிய கேசட் கேம் நினைவிருக்கிறதா? ஓடவில்லை என்றால் கேசட்டை உருவி, ஊதி, மறுபடி சொருகுவோமே, அதுதான். (நம் ஊர் வீடுகளில் இருந்த பெட்டிகளில் பல, நிண்டெண்டோ கருவியைப் பார்த்துச் செய்த நகல்கள் என்பது தனிக்கதை.) அந்தப் பெட்டிக்குள் இருந்த சிப் செய்த வேலையை, ஒரு மென்பொருள் உங்கள் ஃபோனில் செய்தால் அதுதான் எமுலேட்டர். கேசட்டுக்குள் இருந்த கேம், 'ரோம்' எனப்படும் கோப்பாக மாறுகிறது. ஆக, எமுலேட்டர் என்பது பெட்டி. ரோம் என்பது கேசட். இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொண்டால், இனி சொல்லப்போகும் எதுவும் புரியாது.

எமுலேட்டரே சட்டவிரோதமா?

இல்லை. இதற்கு அமெரிக்காவில் நீதிமன்றத் தீர்ப்பே இருக்கிறது. பிளேஸ்டேஷன் கேம்களை மேக் கணினியில் ஓடவைக்கும் மென்பொருளை கனெக்டிக்ஸ் என்ற நிறுவனம் செய்தது. 1999-ல் சோனி வழக்குப் போட்டது. பிளேஸ்டேஷன் எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்துகொள்வதற்காக அதன் பயாஸ் மென்பொருளைப் படியெடுத்து ஆராய்ந்தது நியாயமான பயன்பாடுதான் என்று 2000-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது.

ஆனால் கதை அங்கே முடியவில்லை. அடுத்த ஆண்டே சோனி அந்த மென்பொருளை கனெக்டிக்ஸிடமிருந்து விலைக்கு வாங்கி, விற்பனையை நிறுத்திவிட்டது. அதே காலத்தில் சோனியோடு மோதிய 'பிளீம்' என்ற இன்னொரு நிறுவனத்துக்கும் நீதிமன்றத்தில் சாதகமான தீர்ப்பு வந்தது. வழக்குச் செலவு தாங்காமல் 2001-ல் கடையை மூடியது. ஜெயித்தவர்கள்தான் கடையை மூடினார்கள். இலவசமாக ஆப் எழுதும் ஒரு தனி ஆள் வக்கீல் நோட்டீஸ் வந்தவுடனே ஏன் பின்வாங்குகிறார் என்பதற்கு இதைவிட நல்ல விளக்கம் எனக்குத் தெரியவில்லை.

இந்தியச் சட்டமும் ஏறக்குறைய இதே திசையில்தான் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 1957-ன் 52-வது பிரிவு சில விலக்குகளைத் தருகிறது. முறையாக வைத்திருக்கும் ஒரு மென்பொருளோடு, சொந்தமாக எழுதிய இன்னொரு மென்பொருளைச் சேர்ந்து இயங்கவைக்கத் தேவையான தகவலைத் தேடி எடுக்கலாம், அது வேறு வழியில் எளிதாகக் கிடைக்காது என்றால். தொலைந்தோ கெட்டோ போகாமல் இருக்க பேக்கப் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இரண்டுமே 'முறையாக வைத்திருப்பவருக்கு' மட்டும். உங்களிடம் கேசட்டே இல்லாமல் ஏதோ ஒரு தளத்திலிருந்து ரோமை இறக்கினால் இந்த விலக்குக்குள் வர மாட்டீர்கள். "25 வருஷம் பழைய கேம், இனிமே யார் கேட்கப்போறாங்க" என்பது சட்டத்தில் செல்லுபடியாகும் வாதம் இல்லை.

2012-ல் சேர்க்கப்பட்ட 65ஏ பிரிவையும் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். உரிமையை மீறும் நோக்கத்தோடு பாதுகாப்புப் பூட்டை உடைத்தால் இரண்டு ஆண்டுவரை சிறை, அபராதம். 'நோக்கத்தோடு' என்ற சொல்தான் இதில் முக்கியம்.

பூட்டுதான் பிரச்னை

பழைய கேசட்டுகளில் பெரிதாகப் பூட்டு எதுவும் இல்லை. புதிய கருவிகளில் உண்டு. நிண்டெண்டோ ஸ்விட்ச் கேம்கள் குறியாக்கம் செய்யப்பட்டவை. சாவி இல்லாமல் திறக்காது. 2024 பிப்ரவரி 26 அன்று 'யூஸு' என்ற ஸ்விட்ச் எமுலேட்டர் மீது நிண்டெண்டோ அமெரிக்காவில் வழக்குப் போட்டபோது, 'எமுலேட்டர் செய்தது தப்பு' என்ற இடத்தில் அது அடிக்கவில்லை. 'எங்கள் பூட்டைத் திறக்கும் கருவி இது' என்ற இடத்தில்தான் அடித்தது. செல்டா வரிசையின் 'டியர்ஸ் ஆஃப் த கிங்டம்' வெளியாவதற்கு முன்பே 10 லட்சத்துக்கும் மேற்பட்ட முறை திருட்டுத்தனமாக இறக்கப்பட்டது என்றும், யூஸு குழுவுக்கு ஆதரவாளர்களிடமிருந்து மாதம் சுமார் 30,000 டாலர் வருகிறது என்றும் மனுவில் சொன்னது.

வழக்கு விசாரணைக்கே போகவில்லை. ஒரே வாரத்தில், மார்ச் 4 அன்று, 24 லட்சம் டாலருக்கு சமரசம். யூஸு மூடப்பட்டது. ஆண்ட்ராய்டில் பிளே ஸ்டோர் வழியாக இலவசமாகக் கிடைத்த அதன் ஆப்பும் போனது. கூடவே, அதே குழுவினர் பார்த்துக்கொண்டிருந்த 3டிஎஸ் எமுலேட்டரான 'சிட்ரா'வும் போனது. 3டிஎஸ்ஸுக்கான நிண்டெண்டோவின் சொந்த இணையக் கடையே 2023 மார்ச்சில் மூடப்பட்டுவிட்டது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். டிஜிட்டலாக மட்டும் வந்த கேம்களைக் காசு கொடுத்து வாங்க நினைத்தாலும் கடை இல்லை.

இது ஒரு கருவியின் பிரச்னை மட்டும் இல்லை. அமெரிக்காவில் 2010-க்கு முன் வெளியான கேம்களில் 87 சதவீதம் இப்போது விற்பனையில் இல்லை என்று 'வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன்' 2023-ல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. எமுலேட்டரை விரும்புகிறவர்கள் எல்லோரும் ஓசியில் ஆடத் துடிப்பவர்கள் என்று ஒதுக்கிவிட முடியாததற்கு இந்த எண்தான் காரணம்.

ஆப்பிள் ஒரு கதவைத் திறந்தது, ஒரே வாரத்தில் நடந்தது என்ன?

ஐஃபோனில் பல ஆண்டுகளாகக் கேம் எமுலேட்டர்களுக்கு இடமே இல்லை. 2024 ஏப்ரல் 5 அன்று ஆப்பிள் தன் விதியை மாற்றி, பழைய கன்சோல் எமுலேட்டர்களை உலகம் முழுவதும் அனுமதித்தது. ஐரோப்பிய யூனியனின் புதிய சட்டத்தால், போட்டிக் கடைகளை ஐஃபோனில் அனுமதிக்கவேண்டிய கட்டாயம் வந்து ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை. தற்செயல் என்று எனக்குத் தோன்றவில்லை.

அடுத்த வார இறுதியில் 'ஐஜிபிஏ' என்ற இலவச ஆப் வந்தது. விறுவிறுவென மேலே ஏறியது. விளம்பரங்கள் குவிந்திருந்தன. பார்த்தால், ரைலி டெஸ்டட் என்பவர் மாணவராக இருந்தபோது எழுதிய 'ஜிபிஏ4ஐஓஎஸ்' என்ற எமுலேட்டரின் நகல் அது. அவரிடம் யாரும் கேட்கவில்லை. ஆப்பிள் உடனே நீக்கியது. பலரும் "நிண்டெண்டோ அடிச்சிடுச்சு" என்று நினைத்தார்கள். உண்மையில் ஆப்பிள் சொன்ன காரணம் வேறு: பதிப்புரிமை மீறல், நகல் ஆப்களுக்கு எதிரான ஸ்பேம் விதி. இன்னொருவர் உழைப்பைத் திருடிய இலவச ஆப் நீக்கப்பட்டதில் நான் வருத்தப்பட ஒன்றும் இல்லை.

அதற்கடுத்து வந்த 'பிம்மி' என்ற என்இஎஸ் எமுலேட்டரின் கதை வேறு மாதிரி. அதை யாரும் நீக்கவில்லை. யாரும் மிரட்டவும் இல்லை. எழுதியவரே, 'பின்னால் ஏதாவது வந்துவிடுமோ' என்ற பயத்தில், தானாக எடுத்துவிட்டார்.

ஏப்ரல் 17 அன்று டெஸ்டட் தன் சொந்த ஆப்பான 'டெல்டா'வை வெளியிட்டார். இலவசம், விளம்பரம் இல்லை. அது நிலைத்தது. வேடிக்கை என்னவென்றால், மே மாதம் அவருக்கு வந்த சட்டரீதியான தொல்லை எந்த கேம் நிறுவனத்திடமிருந்தும் வரவில்லை. ஐகான் எங்கள் லோகோ மாதிரி இருக்கிறது என்று அடோபி சொன்னது. ஐகானை மாற்றினார்.

ஆக ஒரே மாதத்தில், ஒரே கடையில், மூன்று இலவச ஆப்கள்: ஒன்றைக் கடைக்காரர் எடுத்தார், ஒன்றை எழுதியவர் எடுத்தார், ஒன்று இருக்கிறது. வெளியிலிருந்து பார்க்கும் உங்களுக்கு முதல் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும்.

பயம் மட்டும் காரணம் இல்லை, சலிப்பும் உண்டு. ஆண்ட்ராய்டில் பிளேஸ்டேஷன் 2 கேம்களை ஓட்டிய 'ஏதர்எஸ்எக்ஸ்2' ஆப்பை எழுதியவர் 2023 ஜனவரியில் வேலையை நிறுத்தினார். தன் பெயரில் ஆள்மாறாட்டம், ஓயாத புகார்கள், கடைசியில் கொலை மிரட்டல்கள். இலவசமாகக் கொடுத்ததற்குக் கிடைத்தது அது.

விதி எண்ணில் ஒளிந்திருக்கும் காரணம்

எத்தனை எமுலேட்டர்கள் நீக்கப்பட்டன என்று எண்ணிப் பார்க்கலாம் என்றுதான் நானும் ஆரம்பித்தேன். ஆப்பிளின் 2022-ம் ஆண்டு வெளிப்படைத்தன்மை அறிக்கையில், அந்த ஆண்டு 1,86,195 ஆப்கள் நீக்கப்பட்டதாக இருக்கிறது. அரசாங்கங்கள் கேட்டு நீக்கியவை அதில் 1,474 மட்டுமே. இந்தியா கேட்டு நீக்கியவை 14. அதாவது நாம் செய்திகளில் அதிகம் படிக்கும் 'அரசு தடை' என்பது மொத்தத்தில் ஒரு சதவீதம்கூட இல்லை. மீதி எல்லாம் கடையின் சொந்த விதிகளின் கீழ் நடந்தவை.

அந்த விதிகள் எப்படி வேலை செய்யும் என்பதற்கு 'ஐடாஸ் 2' நல்ல உதாரணம். பழைய டாஸ் மென்பொருள்களை ஐஃபோனில் ஓட்டும் ஆப் அது. வெளியிலிருந்து கொண்டுவந்த நிரலை ஓட்டக்கூடாது என்ற விதியைக் காட்டி 2021-ல் நீக்கினார்கள். 2024-ல் விதி தளர்ந்தபோது அதன் புதிய பதிப்பு மீண்டும் விண்ணப்பித்தது. கன்சோல்களுக்குத்தான் அனுமதி, டாஸ் கன்சோல் இல்லை என்று முதலில் நிராகரிப்பு. சில மாதங்களில் அதே ஆப்புக்கு அனுமதி. ஆப் மாறவில்லை, விதிதான் மாறியது.

ஆண்ட்ராய்டில் இன்னொரு சத்தமில்லாத காரணமும் உண்டு. புதிய ஆண்ட்ராய்டு பதிப்புக்கு ஏற்ப ஆப்பைப் புதுப்பிக்காவிட்டால், புதிய ஃபோன் வைத்திருப்பவர்களுக்கு பிளே ஸ்டோர் அதைக் காட்டாது. எழுதியவர் வேலையை விட்டு நாலு வருடமாகிவிட்ட எமுலேட்டர் பழைய ஃபோனில் ஓடும், புது ஃபோனின் தேடலில் வராது. யாரும் தடை செய்யவில்லை.

இப்போது நீங்கள் செய்யவேண்டியது

ஸ்டோரிலிருந்து போனாலும் உங்கள் ஃபோனில் ஏற்கனவே இருக்கும் ஆப் பொதுவாக அப்படியே இருக்கும், ஓடும். அப்டேட் மட்டும் வராது. அதனால் முதல் வேலை, அவசரப்பட்டு அழித்துவிட்டு 'மறுபடி போட்டுக்கலாம்' என்று நினைக்காதீர்கள்.

ஐஃபோனில் 'பயன்படுத்தாத ஆப்களை ஆஃப்லோடு செய்' என்று ஒரு அமைப்பு இருக்கிறது. இடம் மிச்சம் பிடிக்க ஆப்பை மட்டும் நீக்கி, தகவலை வைத்துக்கொள்ளும். ஐகானைத் தொட்டால் மறுபடி இறங்கும், ஆனால் ஸ்டோரில் ஆப் இருந்தால்தான். இல்லையென்றால் உங்கள் சேவ் எல்லாம் உள்ளே இருக்கும், திறக்க ஆப் இருக்காது. எமுலேட்டர் வைத்திருப்பவர்கள் அதை அணைத்துவிடுவது நல்லது. ஆண்ட்ராய்டிலும் இதே மாதிரி 'ஆர்கைவ்' வசதி உண்டு.

சேவ் விஷயத்தில் ஒரு வித்தியாசம் தெரிந்திருக்கவேண்டும். எமுலேட்டரின் மெனுவில் 'சேவ் ஸ்டேட்' கொடுப்பது, அந்த நொடியை அப்படியே உறையவைப்பது. அது அந்த ஆப்புக்கு, பல நேரம் அந்தப் பதிப்புக்கு மட்டும்தான் புரியும். கேமுக்குள்ளேயே போய் சேவ் செய்தால் அது தனிக் கோப்பாகப் பதிவாகும், பெரும்பாலும் வேறு எமுலேட்டரிலும் திறக்கும். வருடக்கணக்கில் சேவ் ஸ்டேட்டை மட்டுமே நம்பியிருந்தவன் நான். ஆப் மாறிய அன்று 60 மணி நேர ஆட்டம் போனது. ஆகவே இன்றைக்கே ஒருமுறை கேமுக்குள் சேவ் செய்து, அந்தக் கோப்பை ஃபோனுக்கு வெளியே ஒரு பிரதி எடுங்கள். ஆண்ட்ராய்டில் ஆப்பின் சொந்த ஃபோல்டருக்குள் இருப்பவை, ஆப்பை அழிக்கும்போது சேர்ந்தே அழிந்துவிடும்.

அதே பெயரில் ஏபிகே கோப்பைத் தேடி இறக்கப்போகிறீர்களா? எழுதியவரின் சொந்தத் தளத்திலிருந்து தவிர வேறு எங்கிருந்தும் வேண்டாம். ஒரு ஆப் காணாமல் போன உடனே அதன் பெயரில் போலிகள் முளைப்பது வழக்கம். ஒரு எளிய சோதனை: கேம் ஆட எஸ்எம்எஸ் படிக்கும் அனுமதி தேவையில்லை. 'ஆக்சஸிபிலிட்டி' அனுமதியும் தேவையில்லை. கேட்டால், அதற்கு வேண்டியது உங்கள் வங்கி ஓடிபியாக இருக்கலாம்.

இந்த ஏபிகே வழியும் இனி இதே அளவுக்குத் திறந்திருக்காது. ஸ்டோருக்கு வெளியே ஆப் கொடுப்பவர்களும் தங்கள் அடையாளத்தைப் பதிவு செய்யவேண்டும் என்று 2025 ஆகஸ்டில் கூகுள் அறிவித்தது. 2026 செப்டம்பரில் பிரேசில், இந்தோனேசியா, சிங்கப்பூர், தாய்லாந்தில் தொடக்கம், 2027 முதல் மற்ற நாடுகளுக்கு என்பது அந்த அறிவிப்பில் இருந்த கால அட்டவணை. எதிர்ப்பு வந்ததும், ஆபத்தைத் தெரிந்தே ஏற்கும் அனுபவசாலிகளுக்குத் தனி வழி வைப்போம் என்று நவம்பரில் சொன்னது. எமுலேட்டர் எழுதுபவர்களில் பலர் சொந்தப் பெயரை வெளியே சொல்லாதவர்கள். அவர்களில் எத்தனை பேர் அடையாள அட்டையோடு பதிவு செய்ய முன்வருவார்கள் என்பதைப் பொறுத்துத்தான், அடுத்த முறை ஒரு ஆப் ஸ்டோரிலிருந்து போகும்போது உங்களுக்கு மாற்று வழி இருக்கும்.