பள்ளத்தோரத்தின் பகல் குடி

எங்கள் தோட்டத்தில் ஓடைப் பள்ளத்தை ஒட்டிய பழைய கிணற்றுக்கு மோட்டார் கிடையாது. மாடு பூட்டிக் கவலை ஓட்டிய காலத்தோடு சரி. சித்திரை வெயிலில் அதன் தண்ணீர் மட்டம் பொழுது சாய்வதற்குள் இரண்டு விரற்கடை இறங்கும். விடிவதற்குள் பெரும்பகுதி ஏறிவிடும். பக்கத்துத் தோட்டத்து மோட்டார்கள்தான் காரணம் என்பார் சித்தப்பா. பராமரிப்புக்காகப் பகல் முழுக்கக் கரண்ட் நிறுத்திய அன்றும் மட்டம் இறங்கத்தான் செய்தது.

குடித்தவை கரையில் நிற்கும் நீர்மருது, புங்கை, நாணல், சீமைக்கருவேலம். வெளிச்சம் வந்ததும் இலைத்துளைகள் திறக்கின்றன. வேர் இழுத்த நீர் ஆவியாகப் போகிறது. இரவில் துளைகள் மூடிக்கொள்ள, சுற்றியிருக்கும் நிலத்தடி நீர் ஊறி வந்து இறங்கிய மட்டத்தை ஈடுகட்டுகிறது. அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில், எஸ்கலாண்டே பள்ளத்தாக்கில், வால்டர் ஒயிட் என்பவர் இந்த ஏற்ற இறக்கத்தை வைத்தே செடிகள் குடிக்கும் அளவைக் கணக்கிட்டு 1932இல் வெளியிட்டார். நள்ளிரவு முதல் நாலு மணிவரை மட்டம் ஏறும் வேகம்தான் அவருக்குப் பிடி.

மேட்டாங்காட்டில் மண் காய்ந்ததும் இழப்பு தானாகக் குறைந்துவிடும். ஆவியாக ஈரம் வேண்டுமே! பள்ளத்தோரத்தில் வேருக்குத் தண்ணீர் எட்டுகிறது. போதாததற்கு, தரிசுக் காடுகளில் சூடேறிய வறண்ட காற்று இந்தப் பச்சைப் பட்டைமேல் வீசி இன்னும் உறிஞ்சுகிறது. கடும் கோடையில் நாளுக்கு 6 மில்லிமீட்டர் போவது சாதாரணம். ஏக்கருக்குச் சுமார் 24,000 லிட்டர். 12,000 லிட்டர் டேங்கர் லாரி இரண்டு, தினமும்.

"அப்போ எல்லாத்தையும் வெட்டிடலாமே?" என்கிறார் சித்தப்பா. நியூ மெக்சிகோவில் பெக்கோஸ் ஆற்றங்கரையில் 1960களின் பிற்பகுதியில் தொடங்கி, பல்லாயிரம் ஏக்கர் டாமரிஸ்க் புதரை அழித்தார்கள். ஆற்றில் எதிர்பார்த்த அளவு நீர் கூடியதாகத் தெரியவில்லை. வெட்டிய இடத்தில் முளைத்த செடிகளும் குடித்தன. நிலத்தடி நீர் மேலாக இருக்கும் இடத்தில் வெறும் மண்கூட வெயிலில் ஆவி விடும்.

அதனால் எங்கள் கரையில் சீமைக்கருவேலத்தை மட்டும் வேரோடு எடுக்கச் சொல்லியிருக்கிறேன். நீர்மருதின் நிழலில்தான் ஓடை மடுவின் தண்ணீர் வைகாசிவரை கிடக்கிறது. கரை அரிக்காமல் பிடித்திருப்பது நாணல். எதிர்க்கரைத் தென்னைகளும் இதே தண்ணீரைத்தான் குடிக்கின்றன. காய் விலை போகும்வரை அதைப் பற்றிச் சித்தப்பா வாய் திறக்கமாட்டார், தோப்பு அவருடையது.