தீப்பெட்டி ஏன் 14 ஆண்டுகள் ஒரே விலையில் நின்றது?

ஒரு தொழில் நொடித்தால் ஊரில் இரண்டு பேச்சு கிளம்பும். முதலாளிக்குச் சாமர்த்தியம் போதவில்லை என்பார்கள் சிலர். காலம் கெட்டுவிட்டது என்பார்கள் மற்றவர்கள். ஆய்வாளர்களும் இப்படித்தான் பிரிந்து நின்றார்கள். சந்தையும் சட்டமும் புதுப் பொருளுமே நிறுவனங்களைச் சாய்க்கின்றன என்றது ஓர் அணி, நிர்வாகத்தின் பிழைகளே என்றது இன்னோர் அணி. அந்த ஆய்வுகளை அலசிய கமெல் மெல்லாஹியும் ஏட்ரியன் வில்கின்சனும், இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும் என்று 2004-ல் எழுதினார்கள்.

குடியாத்தத்துத் தீப்பெட்டியில் இது பளிச்சென்று தெரியும். 2007-ல் 50 காசிலிருந்து ஒரு ரூபாய்க்கு ஏறிய பெட்டி, பிறகு 14 ஆண்டுகள் அசையவில்லை. இதற்கிடையில் மூலப்பொருள் விலை ஏறிக்கொண்டே போனது. 2021-ல் சிவப்பு பாஸ்பரஸ் கிலோ 425 ரூபாயிலிருந்து 810-க்கும், மெழுகு 58-லிருந்து 80-க்கும் தாவின. 600 பெட்டி கொண்ட பண்டலுக்கு உற்பத்தியாளர் கைக்கு வந்ததோ 270 முதல் 300 ரூபாய்.

விலையை ஏற்றியிருக்கலாமே என்று கேட்பது சுலபம். ஒன்றரை ரூபாய்க்குச் சில்லறை ஏது? ஒருவர் மட்டும் இரண்டு ரூபாய் என்றால், மளிகைக்கடைக்காரர் பேசாமல் வேறு லேபிளை வாங்கி அடுக்கிவிடுவார். சாமர்த்தியசாலிக்கும் அங்கே வழியில்லை. கோவில்பட்டி, சாத்தூர், சிவகாசி, குடியாத்தம் உற்பத்தியாளர்கள் சேர்ந்து முடிவெடுத்த பிறகுதான், 2021 டிசம்பர் 1 முதல் விலை இரண்டு ரூபாயானது.

தீப்பெட்டிக்கு லைட்டரால் வந்த நெருக்கடி வேறு ரகம். அடுப்படியில் காஸ் லைட்டர், பெட்டிக்கடையில் பத்து ரூபாய் பிளாஸ்டிக் லைட்டர் என்று வாங்குகிறவர்களின் பழக்கமே மாறியது. 20 ரூபாய்க்குக் குறைந்த சிகரெட் லைட்டர்களின் இறக்குமதிக்கு 2023 ஜூனில் மத்திய அரசு தடை விதித்தது. அதனால் மூச்சுவிட அவகாசம் கிடைக்கும், அவ்வளவுதான் என்பது என் எண்ணம். போன பழக்கம் தடையால் திரும்பாது.

குடியாத்தத்துக்குப் பக்கத்துத் தோல் பதனிடும் ஷாப்புகளும் இதே மாதிரி நெருக்கடியைக் கண்டவை. பாலாற்று மாசு வழக்கில், கழிவுநீரைச் சுத்திகரிக்காத ஷாப்புகளை மூட வேண்டும் என்று 1996 ஆகஸ்ட் 28-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. சிறிய ஷாப் தனியாகச் சுத்திகரிப்பு நிலையம் கட்ட முடியாது. பொது நிலையங்களில் பங்குதாரராகச் சேர்ந்தே பலர் தொழிலைக் காப்பாற்றினார்கள். லொரேன் கென்னடி 1999-ல் வெளியிட்ட ஆய்வு அந்தக் கூட்டு முயற்சியைப் பற்றியதுதான். ஆறு தப்பித்ததா என்பது தனிக் கேள்வி.

உங்கள் விற்பனை சரிந்தால், அதே தொழிலில் இருக்கும் நாலு பேரை முதலில் விசாரியுங்கள். உங்களுக்கு மட்டும் சரிவென்றால் கணக்கு நோட்டைப் பிரித்துப் பாருங்கள். எல்லோருக்கும் சரிவென்றால் சங்கக் கூட்டத்துக்குப் போங்கள்.