காளான் தொழில் தொடங்கும் முன் ஏ.ஐ. செயலியிடம் கேட்பது எப்படி?

நெல் அறுவடை முடிந்த கிராமங்களில் எளிதாகக் கிடைக்கும் பொருள் வைக்கோல். இதைக் கொண்டு, குறைந்த இடத்தில், சுமார் 45 நாட்களில் ஒரு சுற்று மகசூல் எடுக்கக்கூடிய உபதொழில் காளான் வளர்ப்பு ஆகும். நிலமில்லாதவர்களும், வீட்டில் இருந்தபடியே வருமானம் தேடும் மகளிரும் இத்தொழிலில் ஆர்வம் காட்டி வருகின்றனர்.

முன்பெல்லாம் இத்தகைய தொழில் பற்றி அறிய வேண்டுமானால் விரிவாக்க அலுவலரைத் தேடிப் போக வேண்டும், அல்லது ஏற்கெனவே செய்பவரின் குடிலைப் பார்த்து வர வேண்டும். 2022ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் சாட்ஜிபிடி வெளிவந்த பிறகு நிலைமை மாறிவிட்டது. அதுவும், கூகுள் நிறுவனத்தின் ஜெமினி போன்ற பிற ஏ.ஐ. செயலிகளும், தமிழில் கேட்டால் தமிழிலேயே நொடிப்பொழுதில் பதில் தருகின்றன. செய்முறை, செலவு, வரவு, லாபம் என்று ஒரு தொழில் திட்டத்தையே எழுதிக் கொடுத்துவிடுகின்றன. அதை நம்பி நகையை அடகு வைத்துக் குடில் போடலாமா என்பதுதான் கேள்வி.

செயலி பயனற்றது என்று ஒதுக்க வேண்டியதில்லை. அது சொல்வதெல்லாம் சரி என்று எடுத்துக்கொள்ளவும் கூடாது. கேட்க வேண்டிய முறையில் கேட்டு, கிடைத்த பதிலைச் சிறிய அளவில் சோதித்துப் பார்ப்பவருக்கு அது நல்ல துணையாக இருக்கும்.

பொதுவாகக் கேட்டால் பொதுவான பதில்

இச்செயலிகள் ஏராளமான நூல்களையும் கட்டுரைகளையும் கொண்டு பயிற்றுவிக்கப்பட்டவை. ஒரு சொல்லை அடுத்து எந்தச் சொல் வரக்கூடும் என்று கணித்து வாக்கியங்களை அமைக்கின்றன. பயிற்சிக்குப் பயன்பட்டவற்றில் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவையே அதிகம். கேட்பவர் எந்த ஊர், என்ன பருவம், எவ்வளவு பணம் என்பதெல்லாம் அவர் சொன்னால் அன்றிச் செயலிக்குத் தெரியாது.

"காளான் வளர்ப்பது எப்படி?" என்று மட்டும் கேட்டால், உலகில் பல நாடுகளில் வளர்க்கப்படும் மொட்டுக் காளானுக்கு உரிய முறை பதிலாக வரக்கூடும். மொட்டுக் காளானுக்குத் தனியாகக் கம்போஸ்ட் தயாரிக்க வேண்டும். காளான் எழும்பும் சமயத்தில் 14 முதல் 18 டிகிரி சென்டிகிரேடு வெப்பநிலை தேவை. நீலகிரியில் இது இயலும். சமவெளியில் குளிர்சாதன வசதி இன்றி இயலாது.

சமவெளிக்கு ஏற்றவை சிப்பிக் காளானும் பால் காளானும். சிப்பிக் காளானுக்கு மிதமான குளிர்ச்சி தேவை; ஐப்பசி முதல் மாசி வரை நன்கு வரும். பால் காளான் 30 டிகிரிக்கு மேற்பட்ட வெப்பத்திலும் நன்கு விளையும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் அருப்புக்கோட்டையிலிருந்து 1998ஆம் ஆண்டு வெளியிட்ட ஏ.பி.கே. 2 என்பது பால் காளான் ரகமே. சித்திரை மாதத்தில் விழுப்புரத்தில் குடில் போடுபவர் பருவத்தைச் சொல்லாமல் கேட்டு, சிப்பிக் காளான் போட்டால், படுக்கைகள் வெந்து வீணாகும். தவறு செயலியினுடையது மட்டுமல்ல. கேள்வியிலும் குறை இருக்கிறது.

கேள்வியில் இருக்க வேண்டிய விபரங்கள்

செயலியிடம் கேட்கும்போது கீழ்க்கண்ட ஆறு விபரங்களையும் தவறாமல் சொல்ல வேண்டும்.

1. மாவட்டம், தொடங்கவிருக்கும் மாதம், பகல் வெப்பம்.
2. இருக்கும் இடத்தின் அளவு. அது கூரையா, ஓடா, தகரமா என்பது.
3. தண்ணீர், மின்சாரம், வைக்கோல் கிடைக்கும் நிலை.
4. கையில் உள்ள சொந்தப் பணம். இழந்தாலும் குடும்பம் தாங்கக்கூடிய தொகை.
5. தினமும் வேலை செய்யக்கூடியவர்கள் எத்தனை பேர், எத்தனை மணி நேரம்.
6. விற்கக்கூடிய இடம், அங்கு உண்மையில் கிடைக்கும் விலை.

இவ்விபரங்களைச் சேர்த்து இவ்வாறு கேட்கலாம்:

"விழுப்புரம் மாவட்டத்தில் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். கார்த்திகையில் சிப்பிக் காளான் தொடங்க எண்ணம். பத்தடிக்குப் பத்தடி ஓட்டு அறை ஒன்று இருக்கிறது. சொந்தப் பணம் 5,000 ரூபாய். நானும் மனைவியும் தினம் இரண்டு மணி நேரம் வேலை செய்ய முடியும். காளான் வாங்கக்கூடிய கடைகள் 8 கிலோமீட்டரில் இருக்கின்றன. 20 படுக்கைகளில் சோதனை செய்ய நாள்வாரியாக வேலைத் திட்டம் வேண்டும். திட்டம் போடும் முன், என்னிடம் கேட்க வேண்டியவற்றை முதலில் கேளுங்கள்."

கடைசி வாக்கியம் முக்கியமானது. அப்படிச் சொன்னால் செயலி உடனே முடிவு சொல்லாமல், வித்து எங்கே கிடைக்கும், குளிர்பெட்டி உண்டா, காற்றோட்டம் எப்படி என்று திருப்பிக் கேட்கும். அக்கேள்விகளில் பாதிக்குப் பதில் தெரியவில்லை என்றால், தொழில் தொடங்கும் நேரம் இன்னும் வரவில்லை என்று பொருள்.

திட்டம் வந்த பிறகு மேலும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். "இந்தத் தொழில் நஷ்டமடைய முக்கியமான ஐந்து காரணங்கள் என்ன?" "நீங்கள் சொன்னவற்றில் உறுதியானது எது, ஊகம் எது?" "மகசூல் பாதியாகக் குறைந்தால் கணக்கு என்ன ஆகும்?" லாபத்தைக் கேட்டால் லாபத்தையே சொல்லும் செயலி, நஷ்டத்தைக் கேட்டால் அதையும் சொல்லும். தமிழ்ப் பதில் தெளிவாக இல்லையெனில், கல்லூரியில் படிக்கும் பிள்ளைகளைக் கொண்டு அதே கேள்வியை ஆங்கிலத்தில் கேட்டு ஒப்பிட்டுப் பார்க்கலாம்.

ஆதார் எண், வங்கிக் கணக்கு எண், கைபேசிக்கு வரும் இரகசிய எண் ஆகியவற்றைச் செயலியில் பதிவு செய்யக் கூடாது. தொழில் ஆலோசனைக்கு அவை தேவையே இல்லை.

லாபக் கணக்கைச் சரிபார்த்தல்

செயலி தரும் கணக்குகள் பார்ப்பதற்கு அழகாக இருக்கும். ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். 100 படுக்கைகள், படுக்கைக்கு 1 கிலோ, கிலோ 300 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் ஒரு சுற்றில் 30,000 ரூபாய் வரவு என்று வரும். பெருக்கல் சரிதான். ஆனால் அரை கிலோ உலர்ந்த வைக்கோல் கொண்ட படுக்கையில் சுமார் அரை கிலோ சிப்பிக் காளான்தான் எதிர்பார்க்கலாம். ஆக 50 கிலோ. பத்துப் படுக்கைகள் பச்சைப் பூசணத்தால் கெட்டால் 45 கிலோ. விற்காமல் வாடிப் போவது 5 கிலோ என்றால் மிச்சம் 40 கிலோ. நகரத்துக் கடையில் வாடிக்கையாளர் தரும் விலை 300 ரூபாயாக இருந்தாலும், கடைக்காரர் உற்பத்தியாளருக்குத் தருவது 150 ரூபாயாக இருக்கலாம். அப்போது மொத்த வரவு 6,000 ரூபாய் மட்டுமே. இதில் 50 புட்டி வித்து, வைக்கோல், பாலிதீன் பை, விறகு, போக்குவரத்து ஆகிய செலவுகளைக் கழிக்க வேண்டும். மீதமுள்ளதுதான் இருவர் உழைப்புக்குக் கூலி.

விலைகள் ஊருக்கு ஊர் மாறும். தம் ஊர் விலையைப் போட்டு ஒவ்வொருவரும் இந்தக் கணக்கைத் தாமே போட்டுப் பார்க்க வேண்டும். 30,000 ரூபாயை நம்பிக் கடன் வாங்கியவருக்கு 6,000 ரூபாய் வந்தால் வட்டி கட்டவும் வழியிராது.

காகிதத்தில் லாபம் காட்டிய தொழில்கள் கவிழ்ந்த அனுபவம் தமிழக விவசாயிகளுக்குப் புதிதல்ல. குஞ்சுகளைக் கொடுத்து, பராமரிப்புத் தொகையும் தந்து, பறவைகளைத் திரும்ப வாங்கிக்கொள்வதாகச் சொன்ன ஈமு கோழி நிறுவனங்கள் 2012ஆம் ஆண்டில் பெருந்துறை வட்டாரத்தில் வீழ்ந்தபோது, முதலீடு செய்தவர்களுக்குப் பணமும் போயிற்று. தீனி போட வழியற்ற பறவைகளும் கையில் நின்றன. ஈமு இறைச்சியை இங்கே யார் வாங்குவார்கள் என்று சந்தையில் விசாரித்திருந்தாலே உண்மை தெரிந்திருக்கும். காளானுக்கும் அந்த விசாரிப்பு தேவை.

20 படுக்கைச் சோதனை

செயலி தந்த திட்டத்தைக் கையில் வைத்துக்கொண்டு, குடில் போடாமல், இருக்கும் அறையிலேயே சோதனை தொடங்கலாம். இதற்கு 10 புட்டி வித்தும், 10 கிலோ உலர்ந்த வைக்கோலும் போதும்.

முதல் வாரம் வைக்கோலைத் தொடவே வேண்டாம். குறைந்தது ஐந்து இடங்களில், அதாவது காய்கறிக் கடை, உணவு விடுதி, கல்யாணச் சமையல்காரர், பள்ளி ஆசிரியர் குடும்பங்கள் என்று நேரில் சென்று, வாரம் எத்தனை பாக்கெட் வாங்குவார்கள், என்ன விலை தருவார்கள் என்று கேட்டு எழுத வேண்டும்.

இரண்டாவது வாரத்தில் படுக்கை போடலாம். வைக்கோலை 5 சென்டிமீட்டர் துண்டுகளாக நறுக்கி, 4 முதல் 5 மணி நேரம் ஊற வைத்து, பிறகு ஒரு மணி நேரம் வேக வைக்க வேண்டும். இறுக்கிப் பிழிந்தால் நீர் சொட்டக் கூடாது. உள்ளங்கையில் ஈரம் மட்டும் தெரிய வேண்டும். இந்தப் பதம் தவறினால்தான் பெரும்பாலும் பூசணம் வருகிறது. எழுத்தில் படித்து இதை அறிய முடியாது. கையால் பிழிந்து பழக வேண்டும். புட்டியில் வித்து வெண்மையாகப் பரவியிருக்க வேண்டும். பச்சை, கறுப்புப் புள்ளிகள் உள்ள புட்டிகளையும், மஞ்சள் நீர் கோத்தவற்றையும் தவிர்க்க வேண்டும்.

இருபது படுக்கைகளையும் ஒரே நாளில் போடக் கூடாது. நான்கு நாட்களுக்கு ஒருமுறை ஐந்தைந்தாகப் போட்டால், அறுவடையும் பிரிந்து வரும். சிப்பிக் காளான் அறை வெப்பத்தில் ஒரு நாளைக்கு மேல் தாங்காது. ஆகவே ஒரே நாளில் குவியும் காளான் குப்பைக்கே போகும். பால் காளான் மேலும் சில நாள் தாங்கும். ஆனால் வித்து பரவியதும் படுக்கையை இரண்டாக வெட்டி, மேலே பக்குவப்படுத்திய மண் பரப்பும் வேலை கூடுதலாக உண்டு.

ஒரு நோட்டுப் புத்தகத்தில் படுக்கை எண், போட்ட தேதி, காலை மாலை வெப்பம், அறுவடை எடை, விற்ற அளவு, விலை, கெட்டுப்போனது, அதன் காரணம், வேலை செய்த மணி ஆகியவற்றைத் தினமும் குறித்து வர வேண்டும். இரண்டு மாதத்தில் சோதனை முடிந்துவிடும்.

அதன் பிறகு மீண்டும் செயலியிடம் வரலாம். "20 படுக்கையில் 4 கெட்டன, கெட்டவை அனைத்தும் மூன்றாம் தொகுதி, அன்று வைக்கோல் அரை மணி நேரமே வெந்தது, மொத்தம் 7 கிலோ கிடைத்தது, 5 கிலோ விற்றது" என்று சொல்லிக் கேட்கும் கேள்விக்கு வரும் பதில், முதல் நாள் கேட்டதற்கு வந்த பதிலைவிடப் பலமடங்கு பயனுள்ளதாக இருக்கும். படுக்கை கெட்டது குறையா, விற்பனை குறையா என்பது அப்போது தெளிவாகும். விற்பனை குறை என்றால் படுக்கையைப் பெருக்குவது நஷ்டத்தைப் பெருக்குவதாகும்.

செயலியை நம்பக் கூடாத இடங்கள்

காட்டிலும் வரப்பிலும் முளைக்கும் காளானைப் படம் பிடித்து, உண்ணலாமா என்று செயலியிடம் கேட்டு முடிவு செய்யவே கூடாது. நச்சுக் காளான் உயிரைப் பறிக்கும். படத்தை வைத்து வேறுபடுத்துவது நம்பத்தக்கதல்ல.

படுக்கையில் ஈ, பூச்சி, பூசணம் கண்டால் செயலி சொல்லும் மருந்தை அப்படியே தெளிக்கக் கூடாது. காளான் சில நாட்களில் சமையலறைக்குப் போகும் பொருள். கெட்ட படுக்கையை உடனே அகற்றி, வேளாண்மை அறிவியல் நிலையத்தில் காட்டி ஆலோசனை பெற வேண்டும். சிப்பிக் காளான் முதிர்ந்தால் உதிரும் வித்துத்தூள் சிலருக்கு இருமலும் மூச்சுத் திணறலும் உண்டாக்கும். மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு அறைக்குள் செல்வதும், விரிந்து முதிரும் முன் அறுவடை செய்வதும் நல்லது.

மானியம், கடன், உணவுப் பாதுகாப்புப் பதிவு பற்றிய விதிகள் அடிக்கடி மாறுபவை. செயலி பழைய விபரத்தைச் சொல்லக்கூடும். மாவட்டத் தொழில் மையத்திலும் வங்கியிலும் நேரில் கேட்டு உறுதி செய்துகொள்ள வேண்டும். வேளாண் சந்தேகங்களுக்கு 2004ஆம் ஆண்டு முதல் இயங்கி வரும் கிசான் கால் சென்டரை 1800-180-1551 என்ற கட்டணமில்லா எண்ணில் அழைத்துத் தமிழில் பேசலாம்.

ஆகவே, காளான் தொழிலில் இறங்க விரும்புவோர் தம் ஊர், பருவம், பணம், சந்தை ஆகிய விபரங்களுடன் செயலியிடம் கேட்டு, 20 படுக்கைகளில் சோதித்து, நோட்டுப் புத்தகத்துக் கணக்கைப் பார்த்த பிறகே குடிலுக்கும் கடனுக்கும் போக வேண்டும். அதுவரை நகை பெட்டியிலேயே இருக்கட்டும்.