வீடு கட்டுவதற்கு வேண்டிய சாமான்களை மதிப்பிடுதல்

அறுவடைப் பணம் கைக்கு வந்தவுடன் தோட்டத்துச் சாளையை மாற்றி வீடு கட்ட முற்படும் குடியானவர்களிற் பலர், சாமான்களைக் கண்மதிப்பாகவே வாங்குகின்றனர். அதிகம் வாங்கியது வாசலில் வீணாய்க் கிடக்கும். குறைந்தாலோ வேலை நடுவில் நின்று கடன்பட நேரிடும். சுவரின் கன அளவைக் கணக்கிட அறிந்தவர்க்கு இவ்விரு நஷ்டமும் இல்லை.

செங்கல்: 20 அடி நீளமும் 10 அடி உயரமும் 9 அங்குலக் கனமுமுள்ள சுவர் 150 கன அடியாகும். அதில் 3½ அடிக்கு 7 அடி வாசற்கால் ஒன்றும், 4 அடிச் சதுர ஜன்னல் ஒன்றும் இருப்பின், சுமார் 30 கன அடியைக் கழித்தல் வேண்டும். எஞ்சுவது 120. கலவையோடு சேர்த்து 9 அங்குல நீளம், 4½ அங்குல அகலம், 3 அங்குல உயரம் இடங்கொள்ளும் கல்லானால் கன அடிக்கு 14-க்குச் சற்று மேற்படும். ஆகவே 1,700 கல் தேவை. உடைசலுக்கு நூற்றுக்கு 5 சேர்த்தால் ஏறக்குறைய 1,800. கழிக்க மறந்தவர் 430 கல் வரையில் வீணாக வாங்குவார்.

கலவை: உலர்ந்த நிலையில் கலவைச் சாமான் சுவரின் அளவில் பத்தில் மூன்று பங்கு, அதாவது 36 கன அடி, வேண்டியிருக்கும். ஒரு பங்கு சிமெண்டுக்கு 6 பங்கு மணல் சேர்ப்பின், மணல் 31 கன அடியும், சிமெண்டு 4 மூட்டைக்குச் சற்று அதிகமும் ஆகும். 50 கிலோ மூட்டை 1¼ கன அடி கொள்ளும். பூச்சு வேலைக்கு வேண்டியதைத் தனியே கணக்கிடுக.

மணலை அளக்கும்போது அதன் ஈரத்தையும் கவனித்தல் அவசியம். சற்றே ஈரமான மணல் நாலில் ஒரு பங்குவரை உப்பிக் காட்டும். ஒரு பாத்திரத்தில் 10 விரற்கடை உயரம் மணலிட்டு, அதை வேறிடத்திற் கொட்டிவிட்டு, அப்பாத்திரத்திற் பாதியளவு நீர் வார்த்து, மணலைத் திரும்ப இட்டுக் குத்துக. அது 8 விரற்கடையாய்ப் படிந்தால், 100 கன அடி கொண்ட ஒரு யூனிட் மணலில் உண்மையில் உள்ளது 80 கன அடியே.

நொய்யலையடுத்த மண்ணரை போன்ற ஊர்களில் நீரையும் ஒரு சாமானாகவே மதிக்க வேண்டும். சாயக் கழிவு பல்லாண்டு கலந்தமையால் ஆற்றோரக் கிணறுகள் பல உப்பேறின. கழிவுநீரை வெளிவிட்ட சாயப்பட்டறைகளை மூடும்படி சென்னை உயர்நீதிமன்றம் 2011-ல் ஆணையிட்டது. ஆயினும் மண்ணில் இறங்கிய உப்பு எளிதில் நீங்குவதன்று. கம்பியிட்ட கான்கிரீட்டுக்குரிய நீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேற்படலாகாதென்பது இந்தியத் தர விதி. மீறினால் உள்ளிருக்கும் கம்பி துருவேறிப் பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்துவிடும்.

ஆகையால் அஸ்திவாரம் தோண்டுமுன் கிணற்று நீரைப் பரிசோதனைச் சாலைக்கு அனுப்புக. நீர் தகாததாயின், கான்கிரீட்டில் மூட்டைக்குச் சுமார் 25 லிட்டரும், பின்னர் ஒரு வாரத்துக்குக் குறையாமல் நனைப்பதற்கு வேண்டியதும் கணக்கிட்டு, நல்ல நீர் வாங்கும் செலவையும் மதிப்பிற் சேர்த்துக்கொள்வது நலம்.