தேர்வில் இடறும் சிறுசொற்கள்

1956 நவம்பர் 1-இல் விளவங்கோடு சென்னை மாநிலத்தோடு இணைந்தது. பாறசாலையும் நெய்யாற்றின்கரையும் கேரளத்தில் நின்றன. அவ்வெல்லையூர்களில் வாழும் நம் பிள்ளைகள் ஆங்கில இலக்கணத் தேர்வில் இடறினால், தமிழைப் பழிக்கும் பெற்றோரும் உளர். அது முறையன்று.

தமிழிற்போலவே மலையாளத்திலும் வேற்றுமையுருபு பெயருக்குப் பின்னே வரும்; ஆங்கிலத்தில் அப்பணியாற்றும் சிறுசொல் முன்னே வரும். ஆகவே இடர் இருசாரார்க்கும் ஒன்றே.

'கணக்கில் வல்லவன்' என்பதற்குக் 'குட் இன்' அன்று, 'குட் அட்' என்க. 'பாம்புக்கு அஞ்சினான்' என்பதில் நான்காம் வேற்றுமை கண்டு 'டு' எனலாகாது. 'அஃப்ரெய்ட் ஆஃப்' என்பதே வழக்கு. 'டிஸ்கஸ்' என்பதன்பின் 'அபௌட்' வேண்டா.

உருபைப் பெயர்க்காது, சொல்லையும் அதன் துணையையும் இணைத்தே மனனஞ் செய்விப்பீர். வீட்டில் தமிழையும் விடாதீர்.