பல் எடுக்கப் போய் கிருமி வந்தால் யாரைக் கேட்பது?

காரைக்காலிலிருந்து ஒரு நண்பர் வாய்ஸ் மெசேஜ் அனுப்பியிருந்தார். அவங்க அம்மாவுக்குக் கும்பகோணத்துல ஒரு தனியார் கிளினிக்கில் பல் எடுத்திருக்காங்க. ஒரு வாரத்துல கடும் காய்ச்சல், தாடை வீக்கம், 12 நாள் ஆஸ்பத்திரி. "கருவியைச் சரியா சுத்தம் பண்ணலைன்னு நினைக்கிறோம். கேஸ் போடலாமா?"

போடலாம். ஆனா "நினைக்கிறோம்" போதாது. அந்தக் கிருமி அங்கிருந்துதான் வந்ததுன்னு காட்டணும். அதுதான் இந்த வகை வழக்குல கஷ்டமான இடம்.

வாணியம்பாடியில் 2023-ல் நடந்ததைப் பாருங்க. மூளையைத் தாக்கும் மெலியாய்டோசிஸ் வந்த 10 பேர், ஒரே பல் கிளினிக்கில் சிகிச்சை எடுத்தவங்க. அதுல 8 பேர் இறந்துட்டாங்க. எலும்பு மேல இருக்கிற சவ்வை விலக்கப் பயன்படும் கருவியாலேயே சலைன் பாட்டிலைத் திறந்து, சரியா மூடாம வச்சு, திரும்பத் திரும்ப அதையே பயன்படுத்தியிருக்காங்கன்னு விசாரணையில தெரிஞ்சுது. பயன்பாட்டில் இருந்த பாட்டிலிலும் அந்தக் கிருமி கிடைச்சுது.

இதுல கவனிக்க வேண்டியது ஒண்ணு. இந்தக் கிருமி சாதாரணமா மண்ணிலும் தண்ணியிலும், குறிப்பா வயல்லதான் வாழும். நம்ம டெல்டாவில் ஒருத்தருக்கு மட்டும் வந்தா, "வயல்ல இறங்கினீங்க, அங்கிருந்து வந்திருக்கும்"னு எதிர்த்தரப்பு சுலபமா சொல்லிடும். வாணியம்பாடியில் நோயாளிகளின் பட்டியலும், பாட்டிலும், லேப் பரிசோதனையும் சேர்ந்துதான் உண்மையைக் காட்டுச்சு. என் வேலையில் சொன்னா, லாக் இல்லாம பக் எங்கன்னு நிரூபிக்க முடியாது.

உங்க லாக் என்ன? சிகிச்சை ஆவணங்கள், பில், மருந்துச் சீட்டு. கூடவே, சேர்த்த ஆஸ்பத்திரியில் எடுத்த கல்ச்சர் ரிப்போர்ட், அதாவது எந்தக் கிருமின்னு சொல்ற பரிசோதனை. மருத்துவ ஆவணங்களைக் கேட்டா 72 மணி நேரத்துக்குள்ள தரணும்னு மருத்துவ கவுன்சிலின் 2002 விதிமுறை சொல்லுது. எழுத்துல கேளுங்க, நகல் வச்சுக்கோங்க. அதே கிளினிக்குக்குப் போன வேற யாருக்காவது இப்படி ஆச்சான்னும் விசாரிங்க.

எங்கே போடுறது? பணம் கட்டி எடுத்த சிகிச்சை நுகர்வோர் சட்டத்துக்குள்ள வரும்னு உச்ச நீதிமன்றம் 1995-லயே சொல்லிடுச்சு. 2019 சட்டப்படி, நீங்க குடியிருக்கிற ஊருக்கான நுகர்வோர் ஆணையத்திலேயே புகார் தரலாம். சிகிச்சை தமிழ்நாட்டில், வீடு புதுச்சேரி யூனியன் பிரதேசத்திலன்னு நம்ம மாதிரி எல்லை தாண்டிப் போறவங்களுக்கு இது பெரிய உதவி. வக்கீல் கட்டாயமில்லை. சிகிச்சைக்குக் கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள்ள இருந்தா புகார் கட்டணமும் இல்லை.

எல்லாருக்கும் முழுக்க இலவசமா பார்க்கிற அரசு மருத்துவமனைன்னா இந்த வழி பொதுவா பொருந்தாது. உயர் நீதிமன்றம் போகலாம். சாத்தூரில் 2018-ல் கர்ப்பிணி ஒருவருக்கு எச்ஐவி கலந்த ரத்தம் ஏற்றப்பட்டது. அந்த வழக்கில் 25 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2019-ல் மதுரைக் கிளை உத்தரவிட்டது. காரைக்காலுக்கும் சென்னை உயர் நீதிமன்றம்தான்.

கடைசியா, நுகர்வோர் புகாருக்குக் கெடு 2 வருஷம். தாமதத்துக்குத் தகுந்த காரணம் காட்டலாம், ஆனா அதை நம்பி உட்காராதீங்க. அம்மா நல்லா தேறி வரட்டும். நீங்க நாளைக்கே போய் ஃபைல் நகல் கேளுங்க.